ஒரே பசால்ட், இரண்டு மண்

புனேயைச் சுற்றியுள்ள மலைகள் எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்தவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்த தக்காண பசால்ட். இந்தக் கல் மண்ணாகும் ஒவ்வொரு படியையும் சேகரித்து வருகிறேன். வரிசை இப்போது ஓரளவு கூடி வந்திருக்கிறது.

முதல் படி, சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் கருங்கல். அடுத்தது, சாலைக்காக வெட்டிய சரிவுகளில் கிடைக்கும் உருண்டைகள். வெங்காயம்போலத் தோல் தோலாக உரிகின்றன. குழம்பு ஆறியபோது விழுந்த விரிசல்களில் நீர் இறங்குகிறது. கல்லின் முகத்தை அது ஒரு பக்கமிருந்துதான் அரிக்கும். மூலையையோ மூன்று பக்கமிருந்தும். அதனால் மூலை முதலில் மழுங்கி, கட்டமான கல் உருண்டையாகிவிடுகிறது. பழுப்புத் தோலை விரலாலேயே பெயர்க்கலாம். நடுவில் இருப்பது இன்னும் உடையாத கருங்கல்!

கல்லின் குமிழித் துளைகளை அடைத்திருக்கும் வெள்ளைக் கனிமங்களை இனம் காண வினிகர் போதும். நுரைத்தால் கால்சைட். நுரைக்காமல், கத்தியால் கீறலும் விழுந்தால் பெரும்பாலும் சியோலைட்.

எனக்கு மிகவும் பிடித்தது தட்டுச் சோதனைதான். சமவெளிக் கரிசலையும், பஞ்சகனி மேட்டின் செம்புராங்கல் உதிர்ந்த மண்ணையும் தனித்தனியே குழைத்து, ஒரே அளவுத் தட்டுகளில் நிரப்பி நிழலில் காயவிட்டேன். கரிசல் ஓரத்தை விட்டு விலகி, நடுவில் ஆழமாகப் பிளந்தது. செம்மண் ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. இரண்டுக்கும் தாய்ப்பாறை ஒன்றுதான். வேறுபாடு நீர் செய்தது. மழை குறைந்து, நீர் தேங்கும் இடத்தில், பாறையில் உள்ள சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) வெளியேறாமல் தங்கி, நீரை உறிஞ்சி உப்பும் ஸ்மெக்டைட் களிமண் உருவாகிறது. பெருமழை பெய்து வடிந்துகொண்டே இருந்த மேடுகளில் சிலிக்கா கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிவிட்டன. படித்துத் தெரிந்துகொண்டதைவிட, அந்தப் பிளவுக்குள் விரல் விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் மனதில் பதிந்தது.

அடுத்த தட்டுக்குக் காத்ரஜ் கணவாயின் சிவப்புப் படலம். ஒரு குழம்பு வழிந்து ஓய்ந்து, அடுத்தது வருவதற்குள் அதன் மேற்பரப்பு சிதைந்து உண்டான மண் அது. பிறகு மேலே வழிந்த குழம்பின் சூட்டில் வெந்தது. சாலையோரம் உதிர்ந்து கிடந்ததை மட்டும் எடுத்து வந்து சலித்து வைத்திருக்கிறேன். கரிசல்போலச் சுருங்குமா, செம்மண்போல நிற்குமா என்று பார்க்க வேண்டும்.