கார்ஹல்லனுக்கு வந்து சேர்ந்த கதை

இங்கிலாந்தில் பகுதி நேரமாக இலக்கிய முதுகலை படிக்கிறேன். ஆய்வேடு எதைப் பற்றி என்று கேட்டபோது "சமகால பிரிட்டிஷ் டிஸ்டோபியா" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டேன். டிஸ்டோபியா என்றால், சமூகம் கெட்டுச் சீரழிந்த ஓர் உலகத்தைக் கற்பனை செய்யும் கதை. வழிகாட்டி அமைதியாக, "சரி, எந்த நாவல்?" என்றார். அதற்குப் பதில் தேடியே அந்தப் பருவம் ஓடிவிட்டது.

சில நூல்கள் தானாகவே கழன்றுகொண்டன. 1949-இல் வந்த ஆர்வெல்லின் '1984'-ஐயும் 1932-இல் வந்த ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்'-ஐயும் சமகாலம் என்று சொல்ல முடியாது. பி. டி. ஜேம்ஸின் 'தி சில்ட்ரன் ஆஃப் மென்' மேல் எனக்கு ஆசை உண்டு. 1992-இல் வெளியான அதன் கதை நடப்பது 2021-இல். அவர் கற்பனை செய்த எதிர்காலத்தை நாம் தாண்டியே வந்துவிட்டோம். ஆனால் 2000-க்குப் பிறகு வந்த நூல்தான் வேண்டும் என்று துறையில் கோடு போட்டிருந்தார்கள். 2023-இல் புக்கர் பரிசு பெற்ற பால் லிஞ்சின் 'ப்ராஃபெட் சாங்' படித்து இரண்டு நாள் தூக்கம் கெட்டது. என்ன செய்ய, அவர் ஐரிஷ்காரர், கதை டப்ளினில். அதை பிரிட்டிஷ் கணக்கில் சேர்த்தால் எந்த ஐரிஷ் நண்பரும் மன்னிக்கமாட்டார்.

மிஞ்சியவற்றில் முதலில் கை போனது கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) பக்கம். உறுப்பு தானத்துக்காகவே வளர்க்கப்படும் நகல் மனிதர்கள், ஹெயில்ஷம் என்ற பள்ளி, எதையும் பதற்றமில்லாமல் சொல்லிக்கொண்டு போகும் கேத்தி. அழகான நாவல். ஆனால் 2017 நோபலுக்கு முன்பே அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். இவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்ற கேள்வியைத் தொடாத கட்டுரையே இல்லை. எனக்கும் அதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்தது ஜான் லான்செஸ்டரின் 'தி வால்' (2019). கடல் மட்டம் உயர்ந்த பிறகு பிரிட்டனின் கரை முழுக்கச் சுவர். இளைஞர்கள் ஆளுக்கு இரண்டு ஆண்டு அதைக் காவல் காக்கவேண்டும். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால், காவலில் தவறியவர் கடலில் விடப்படுவார். ஆளுக்கு ஆள் என்ற இந்தக் கணக்கு, விசா அலுவலக வரிசையில் நின்ற யாருக்கும் உடனே புரியும். குளிரை வகை பிரித்து எழுதும் ஆரம்பப் பக்கங்கள் அபாரம். ஆனால் நாவல் தன் எண்ணத்தை ஆரம்பத்திலேயே பளிச்சென்று சொல்லிவிடுகிறது. வாசகராக ரசித்தேன், ஆய்வேடு எழுதத் தோண்டுவதற்கு எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நாவலில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கதைச் சுருக்கத்துக்குள் விழாமல் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதவேண்டும். எழுத வராவிட்டால் எவ்வளவு பிடித்த நூலானாலும் ஓரமாக வைத்துவிடுவேன். தேர்வுக் குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

அந்தச் சோதனையில் தேறியது சாரா ஹாலின் 'தி கார்ஹல்லன் ஆர்மி' (2007). ஹால் வட இங்கிலாந்தின் கம்பிரியாவைச் சேர்ந்தவர், கதையும் அங்கேதான். வெள்ளமும் பொருளாதாரச் சரிவும் நாட்டைக் குலைத்தபின் 'அத்தாரிட்டி' என்ற ஆட்சி வருகிறது. பென்ரித் ஊரின் பெயர்கூட 'ரித்' என்று சுருங்கிவிடுகிறது. பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடைச் சுருள். கணவனை விட்டு மலையேறி, பெண்கள் மட்டும் வாழும் கார்ஹல்லன் பண்ணைக்குப் போகிறாள் ஒருத்தி. அங்கே அவளை முதலில் ஒரு தகரக் கூண்டில் அடைக்கிறார்கள். தன் பெயர் 'சிஸ்டர்' என்கிறாள். பழைய பெயரைக் கடைசிவரை சொல்வதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது நாவலின் வடிவம். மொத்தமும், பின்னால் அத்தாரிட்டியிடம் கைதியாகிவிட்ட சிஸ்டரின் வாக்குமூலம், கோப்பு கோப்பாக. சில கோப்புகளில் பதிவு அழிந்துபோயிருக்கிறது. பண்ணைப் பெண்கள் ரித் ஊரைத் தாக்குவதற்காக நாம் காத்திருக்க, அந்தத் தாக்குதலே இந்த ஓட்டைக்குள் விழுந்துவிடுகிறது! சண்டைக் காட்சியை ஹால் நமக்குத் தரவே இல்லை. அப்புறம், தன்னைச் சிறைபிடித்தவர்களிடம் இவள் ஏன் இவ்வளவு விவரமாகப் பேசுகிறாள்? பண்ணையின் தலைவி ஜாக்கி நிக்சன் இவளை விடுவித்தாளா, இன்னொரு ஆட்சிக்கு ஆள் சேர்த்தாளா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனாலேயே இந்த நாவல் போதும் என்று பட்டது.

விமர்சனக் கட்டுரை தேடுவதில் ஒரு சிக்கல். அமெரிக்காவில் இந்நூல் 'டாட்டர்ஸ் ஆஃப் தி நார்த்' என்ற பெயரில் வந்தது. இரண்டு தலைப்பிலும் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும். பாலினத்தைப் புதிதாக யோசிக்கும் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் விருதை அது பெற்றது; அந்த விருதுக்கும் இப்போது வேறு பெயர், அதர்வைஸ் விருது. கிடைத்த கட்டுரைகள் அளவாக இருந்தன: துணைக்கு ஆள் உண்டு, நான் சொல்லவும் ஏதோ மிச்சமுண்டு.

வழிகாட்டி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கதைச் சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டக்கூடாது. அந்தப் பத்தியைத்தான் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன்.