பிளான் போர்டுல ஆகஸ்ட் மாசம்

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்

காலைல ஆறு மணிக்கே முதலாளி போன், நியூஸ் பாத்தீங்களான்னு. இந்திய சரக்குக்கு அமெரிக்கா இறக்குமதி வரி இன்னொரு 25% போட்டுட்டான், மொத்தம் 50, 27ம் தேதில இருந்து. காட்டன் டி-ஷர்ட்டுக்கு சாதா டூட்டியே 16.5% இருக்கு, இது அதுக்கு மேல. பங்களாதேஷுக்கு 20 தான். திருப்பூர்ல இன்னைக்கு டீக்கடைல கூட வேற பேச்சு இல்ல.

எங்க பனியன் கம்பெனில புரொடக்‌ஷன் பிளான் போடறது என் வேலை. கைல அமெரிக்கா டி-ஷர்ட் ஆர்டர் 42,000 பீஸ். 18,000 கட்டிங் முடிஞ்சு தையல் லைன்ல ஓடுது, மீதி 24,000க்கு நிட்டிங் முடிஞ்சு கிரே துணியா, அதாவது சாயம் போடாத துணியா கிடக்கு, சுமாரா 5 டன். 27க்கு முன்னாடி கப்பல் ஏறி செப்டம்பர் 17க்குள்ள அங்க கிளியர் ஆனா புது 25 கிடையாதாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தூத்துக்குடில ஏத்தி கொழும்புல கப்பல் மாறி நியூயார்க் போக ஒரு மாசத்துக்கு மேல ஆயிடும், அப்ப 27ங்கறது பேருக்குத்தான், எனக்கு கெடு 11, 12.

ஆகஸ்ட் 8

ஐரோப்பா ஆர்டர் ஓடிட்டிருந்த ரெண்டு லைனையும் இதுக்கு திருப்பியாச்சு. அஞ்சு லைன், லைனுக்கு ஷிப்டுக்கு 1,100, ஒன்றரை ஷிப்ட் ஓட்டினா நாளைக்கு 8,000 சொச்சம், போர்டுல ரெண்டேகால் நாள்ல முடிஞ்சுடுது. ஐரோப்பாக்காரனுக்கு ஒரு வாரம் லேட் ஆகும்னு மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தையல் முடிஞ்சுது, ஆனா அயர்னிங் டேபிள் முன்னாடி மலை மாதிரி பீஸ். லைன் அஞ்சாக்கினேன், அயர்ன் டேபிள கூட்டலையே! பன்னெண்டு வருஷமா இதே வேலை பாக்கறேன், இது எனக்கு தோணவே இல்ல. வெளியில இருந்து நாலு அயர்ன் மாஸ்டர கூட்டிட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓட்டினோம். 13,500 பீஸ் லாரி ஏறுச்சு. 4,500 இங்கயே நின்னுடுச்சு.

ஆகஸ்ட் 13

முதலாளிகூட வாக்குவாதம். டையிங்ல, சாயப்பட்டறைல, இடம் புடிச்சு வெச்சிருக்கோம், அந்த 5 டன் கிரேயையும் அனுப்பிடலாம், விட்டா அடுத்த இடம் எப்ப கிடைக்குமோங்கறாரு. நான் வேண்டாம்னேன். கிரேயா இருக்கற வரைக்கும் அது நம்ம துணி, யாருக்கு வேணா போடலாம். அமெரிக்காக்காரன் கேட்ட பச்சைய ஏத்திட்டா அது அவன் துணி, வெட்டிட்டா அவன் ஸ்டைலுக்கு மட்டும்தான் ஆகும். அந்த பையர் மெயில்ல "ஹோல்ட்"னு ஒத்த வார்த்தைதான் இருக்கு, கேன்சல்னும் இல்ல ஓகேன்னும் இல்ல, அத நம்பி எப்படிங்க சாயம் போடறது. அவரு எதும் பேசாம எந்திரிச்சு போயிட்டாரு, சாயங்காலம் டையிங்காரர்கிட்ட அவரே போன் பண்ணி நிறுத்திட்டாரு.

ஆகஸ்ட் 20

பஞ்சு இறக்குமதி வரி 11% செப்டம்பர் 30 வரைக்கும் இல்லையாம். உடனே நூல் ரேட் இறங்கும், வாங்காதீங்கன்னு ஆளாளுக்கு யோசனை. இன்னைக்கு புக் பண்ற பஞ்சு கப்பல்ல வந்து சேரவே அந்த தேதி தாண்டிடுமே? அடுத்த ஆர்டருக்கு பாதி நூல் மட்டும் வாங்கச் சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 28

நேத்து விநாயகர் சதுர்த்தி, லீவு. 50% நேத்துல இருந்து அமலுக்கு வந்தாச்சு. இன்னைக்கு பஞ்சு வரி விலக்க டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்க, அப்ப 20ம் தேதி நான் போட்ட கணக்கு பாதி தப்பு, பாதி நூல் மட்டும் வாங்கினது நல்லதாப் போச்சு. ரெண்டு லைன் சும்மா நிக்குது. மாஸ்டர் வந்து, "ஏனுங் சார், ஒரிசா பசங்க ஊருக்கு டிக்கெட் போடலாமான்னு கேக்கறாங்க, என்னங் சொல்லட்டும்"ங்கறாரு. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கன்னேன், அதுக்கு மேல சொல்ல என்கிட்ட எதும் இல்ல.

செப்டம்பர் 4

ஐரோப்பாக்காரன் லேட்டுக்கு திட்டினான், திட்டிட்டு 10,000 பீஸ் ரிப்பீட்டும் குடுத்தான். துணி கனம் அதே 160 ஜிஎஸ்எம், கலர் மட்டும் நேவி. கிரேல இருந்து 2 டன் இன்னைக்கு டையிங் போயிடுச்சு, ரெண்டு லைனும் பதினஞ்சாம் தேதி ஓடும். பசங்க டிக்கெட் போடல.

மீதி 3 டன் குடோன்ல. அமெரிக்காக்காரன் கூடுதல் டூட்டிய பாதிப்பாதி ஏத்துக்கறீங்களான்னு கேட்டிருக்கான், முதலாளி கால்குலேட்டரோட உக்காந்திருக்காரு. போர்டுல அந்த கட்டத்துல தேதி எழுதல, பென்சில்ல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வெச்சிருக்கேன்.