யமமோட்டோ சொன்னாரா?

1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு, "தூங்கிக்கொண்டிருந்த ராட்சசனை எழுப்பிவிட்டோம்" என்று ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோ வருந்தினாராம். இந்த வரி பரவியது 1970-இல் வந்த டோரா டோரா டோரா படத்தால். அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் 1940-இலேயே, அமெரிக்காவோடு போர் வந்தால் என்ன ஆகும் என்று பிரதமர் கொனோயே கேட்டபோது, முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ வெளுத்து வாங்குவேன், இரண்டாம் மூன்றாம் வருடத்துக்கு எனக்கு நம்பிக்கையே இல்லை என்று அவர் பதில் சொன்னதை கொனோயேயே பதிவு செய்திருக்கிறார். ஹார்வர்டில் படித்து, வாஷிங்டனில் ஜப்பானியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரியாக இருந்து, அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பலத்தை நேரில் பார்த்தவர் அவர். எனக்கு அந்தப் பதில்தான் பெரிய வாக்கியம். சரியாக ஆறே மாதத்தில், 1942 ஜூனில், பசிபிக் கடலில் நடந்த மிட்வே போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது.