ஊட்டிக் குளிரில் தெர்மல் பேஸ்ட்: பட்டாணி அல்ல, மிளகு

கணினியின் பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் வைக்கும் பசைதான் தெர்மல் பேஸ்ட். "பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள்" என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். ஊட்டி மார்க்கெட்டில் பட்டாணி வாங்கி உரிப்பவர்கள் அதை அப்படியே நம்பினால், மூன்று பிராசஸருக்கு ஆகும் பேஸ்ட்டை ஒன்றின் தலையிலேயே கொட்டிவிடுவார்கள். கணக்கு எளிது. ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தும் ஏஎம்டி ரைசன் பிராசஸரின் உலோக மூடி ஏறக்குறைய 40-க்கு 40 மி.மீ. அதன்மேல் 0.05 மி.மீ. கனத்துக்குப் படலம் வேண்டுமானால் 80 கன மி.மீ., அதாவது 0.08 மி.லி. நல்ல பருத்த மிளகு ஒன்றின் அளவு, அவ்வளவுதான். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பிராசஸரின் மூடி நீள்சதுரம். நடுவில் மிளகு ஒன்று, நான்கு மூலையிலும் கடுகு ஒவ்வொன்று வைத்தால் ஓரம் வரை போய்ச் சேரும்.

கனம் ஏன் இவ்வளவு முக்கியம்? வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு 400 என்றால், நல்ல பேஸ்ட் 4 முதல் 8 வரைதான், காற்று 0.025. பேஸ்ட்டின் வேலை பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுவது மட்டுமே. உலோகமும் உலோகமும் ஒட்டுகிற இடத்தில் அது குறுக்கே நிற்கக் கூடாது. ஆனாலும் கூடிப்போவதைவிடக் குறைந்துபோவதுதான் ஆபத்து. கூடினால் ஓரத்தில் பிதுங்கும், துடைத்துக்கொள்ளலாம் (மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட் என்றால்). குறைந்தால் சிப்பின் ஒரு பக்கம் வெறும் காற்றோடு நிற்கும்.

மலையில் முதல் சிக்கல் குளிர். டிசம்பர், ஜனவரியில் அறையே 10 டிகிரியில் கிடக்கும்போது பேஸ்ட் இறுகிப்போயிருக்கும். சிரிஞ்சை அமுக்கினால் உருண்டை பிராசஸரின் மூடியில் ஒட்டாமல் முனையோடே நூல் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். வராத பேஸ்ட்டுக்காக இன்னும் பலமாக அமுக்குவோம். அப்போதுதான் மொத்தமாகப் பீறிடும். சிரிஞ்சின் மூடியை இறுக்கி, சிரிஞ்சைச் சட்டைக்குள் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பிளாஸ்டிக் கவரில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். ஹீட்டர் மேல் வேண்டாம். முனையில் எண்ணெய் பிரிந்து வந்தால் முதல் துளியை வழித்து எறிந்துவிடுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவதில் இதே குளிர் இன்னும் மோசம். ஏஎம்4-இல் 1331 பின்னும் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் அது பின்களைத்தான் பிடிக்கும், பிராசஸரை மேலிருந்து அமுக்கிப் பிடிக்காது. காய்ந்து இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். அதனால் கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கனமான வேலை கொடுத்து ஓடவிடுங்கள். அணைத்து, பிளக்கை உருவி, சூடு ஆறுவதற்குள் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பிறகு கூலரை மெல்ல இடமும் வலமும் திருகுங்கள். முதலில் அசையவே அசையாது; பிறகு திடீரென்று வழுக்கத் தொடங்கும். அதற்கப்புறம்தான் தூக்க வேண்டும். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இலும் இன்டெலிலும் பின்கள் சாக்கெட்டில் இருப்பதால் இந்தப் பயம் இல்லை.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சானிடைசர் கூடாது, அதில் இருக்கும் கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். பஞ்சும் வேண்டாம், இழை விட்டுப்போகும். கண்ணாடி துடைக்கும் துணி நல்லது. ஆல்கஹால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் ஜூன், ஜூலை சாரலில் பாட்டிலைத் திறந்தே வைக்காதீர்கள்.

புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? கம்பெனியே பேஸ்ட் தடவி அனுப்பியிருந்தால் அதன்மேல் இன்னொரு அடுக்கு வேண்டாம். கூலரை ஒரே முறையில் நேராக இறக்கி, எதிரெதிர் மூலையாக ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

இனி சோதனை. இங்கேதான் மலைக்குளிர் ஏமாற்றும். ஜனவரியில் முழு வேலையில் 72 டிகிரி என்று திரை காட்டினால் மனம் நிம்மதியாகிவிடும். அறை 12 டிகிரி என்றால் வித்தியாசம் 60. அதே கணினியைக் கல்லூரி ஹாஸ்டலுக்கென்று கோவைக்குக் கொண்டுபோனால் அங்கே அறையே 34, கூட்டினால் 94. பெரும்பாலான பிராசஸர்கள் 90-க்கும் 100-க்கும் நடுவில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊட்டியில் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, அதே ஃபேன் அதே வேகத்தில் தள்ளும் காற்றின் எடை குறைவு. கீழே போனால் அந்த வகையில் சில டிகிரி லாபம் உண்டு. ஆனால் வெயிலை ஈடுகட்ட அது போதாது. ஆகவே அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். 65 வாட் பிராசஸரில் டவர் கூலர் (உயரமாக நின்று, பக்கவாட்டில் ஃபேன் உள்ளது) இருந்தும் வித்தியாசம் 50-ஐத் தாண்டினால் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள், முதலில் தடத்தைப் பாருங்கள். முழுக்க மெல்லிய சாம்பல் நிறப் படலமாக இருந்தால் பேஸ்ட்டில் குறையில்லை. ஃபேனையும் கேபினட் காற்றோட்டத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் உலோகம் தெரிந்தும் இருந்தால் ஸ்க்ரூ சமமாக இறுகவில்லை. எதுவானாலும், தூக்கிய கூலரை அதே பேஸ்ட்டின் மேல் திரும்ப வைக்காதீர்கள், நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். சுத்தமாகத் துடைத்து, மறுபடி ஒரு மிளகு.