காரணம் என்ற கட்டம்

எங்கள் சபையின் நிவாரண அறை ஆலயத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. பெங்களூரில், லிங்கராஜபுரம் பக்கம். முன்பு ஞாயிறு பள்ளி நடந்த வகுப்பறை அது. சுவரில் நோவா பேழையின் படம் பாதி உரிந்தபடி இன்னும் தொங்குகிறது. இரண்டு இரும்பு அலமாரி, ஒரு தராசு, ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். பட்டனும் நூல்கண்டும் எண்ணத் தெரிந்தவளுக்கு அரிசி, பருப்பு எண்ண வராதா என்று ஆயர் கூப்பிட்டார். சம்பளம் உண்டு, கொஞ்சம்தான். "இது வேலையா, ஊழியமா?" என்று என் மாமியார் அடிக்கடி கேட்பார். சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் ஊழியம் என்று சொல்லிக்கொள்வேன்.

என் கையில் கொடுத்தது ஒரு நீளமான நோட்டு. தேதி, பெயர், ஏரியா, வீட்டில் எத்தனை பேர், கொடுத்த சாமான், கையெழுத்து. கடைசியில் அகலமாக ஒரு கட்டம்: காரணம். என்னைத் தொந்தரவு செய்தது அந்தக் கட்டம்தான். முதல் வருடம் அதைப் பக்தியோடு நிரப்பினேன். 'கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிவு.' 'வீட்டு வேலை போய்விட்டது.' 'மகனுக்கு டெங்கு, பௌரிங் ஆஸ்பத்திரி.' இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். அதை நிரப்ப நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்? குடிப்பாரா?" என்று கேட்பேன். அவர் குடித்தால் பிள்ளைக்குப் பசிக்காதா? அது அப்போது தோன்றவில்லை.

போகப் போக ஒன்று தெரிந்தது. நான் எவ்வளவு கேட்டேனோ அவ்வளவு பொய் வந்தது. ஏமாற்ற வந்தவர்கள் சிலர் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலும் உண்மையான காரணம் சொல்லக் கூசுகிறதாக இருக்கும். மகள் யாரோடோ போய்விட்டாள், தம்பி ஜெயிலில் இருக்கிறான், சீட்டுப் பணத்தை ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அதைச் சொல்வதற்குப் பதில் 'உடம்பு சரியில்லை' என்பார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் எப்போதும் காய்ச்சல்.

சரி, எப்படித்தான் கேட்பது? இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் "ஊட்ட ஆய்த்தா?" என்பார்கள். நாம் "சாப்பிட்டாச்சா?" என்போம். இரண்டுக்கும் ஒரே பதில்தான், ஆச்சு. இரண்டு நாளாக அடுப்பு மூட்டாதவரும் 'ஆச்சு' என்றுதான் சொல்வார். அது மரியாதை. பசியைப் பற்றிக் கேட்டால் பசி வெளியே வராது. "கேஸ் எப்போ தீர்ந்தது?" என்று கேட்டால் மட்டும் உடனே உண்மை வரும். "போன புதன்கிழமை, அக்கா." கேஸ் தீர்வதில் யாருக்கும் அவமானம் இல்லையே.

இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நான் செய்த ஒரு தப்பு. 2022-இல் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிய சமயம். ஒரு பெண்ணுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் என்று முழுப் பை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். பை கட்டவிழ்க்காமல் மூலையில் இருந்தது. பிள்ளைகள் கையில் பன். "கேஸ் வந்ததும் சமைக்கணும் அக்கா" என்றாள். துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஸ்டோர்ஸ் புத்திக்குத் தெரியவில்லை. பை போய்ச் சேர்ந்ததோடு என் கணக்கு முடிந்துவிட்டது. அப்புறம் அலமாரியில் இன்னொரு வகைப் பை சேர்ந்தது. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம், பிரெட். அவலுக்குத் தண்ணீர் போதும், நெருப்பு வேண்டாம்.

அரிசி எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பிடி அரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் சங்கத்துக்கு அதில் தனிப் பெருமை. ஊரிலிருந்து எங்கள் பாட்டிமார் கொண்டுவந்த பழக்கம், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் நூறு வீட்டுப் பிடி அரிசியை ஒரே சாக்கில் கொட்டினால் என்ன ஆகும்? சோனா மசூரி, பொன்னி புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, அத்தனையும் ஒன்றாகக் கலந்திருக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். முதல் இரண்டு வருடம் அதைத்தான் அளந்து கொடுத்தோம். யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வயசான அம்மா மட்டும், "கஞ்சிக்கு நல்லா இருக்கும்மா" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து கமிட்டியில் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பெண்கள் சங்கத்தின் மூத்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவு அதிலேயே ஒரு பிடி எடுத்துப்போய்த் தன் வீட்டில் வடித்துப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து பிடி அரிசி ஆராதனைக்குப் பிறகு ஏலத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் யஷ்வந்த்பூர் மண்டியில் ஒரே ரக அரிசி மூட்டையாக வாங்கினோம். ஏலத்தில் எடுத்தவர்கள் அதை இட்லிக்கு அரைத்தார்களா, கோழிக்குப் போட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

துணி வேறு கதை. கிறிஸ்துமஸ் வந்தால் அறைக்குள் கால் வைக்க முடியாது. ஜரிகை உதிர்ந்த பட்டுப்புடவை, பெல்பாட்டம், நாடா இல்லாத பாவாடை. ஒருமுறை ஒரு மூட்டையில் இடது கால் ஷூ மட்டும் ஏழு இருந்தது. எனக்கு ஆறாத கோபம் பட்டன் விஷயத்தில்தான். நல்ல சட்டையாக இருக்கும், ஆனால் கொடுப்பதற்கு முன் பட்டனை எல்லாம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பட்டன் என்ன விலை என்று பழைய வேலையில் நான் எழுதி வைத்தவள். அதனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் கொடுத்தவரின் முகம் கணக்கோடு தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். அப்படியே கொடுக்கக்கூடியது, தைத்துக் கொடுக்கக்கூடியது, மெக்கானிக் ஷெட்டுக்குத் துடைக்கப் போகவேண்டியது. மூன்றாவது குவியல்தான் எப்போதும் பெரியது. பெட்ஷீட்களை மட்டும் கிழித்துப் பையாகத் தைப்போம். கர்நாடகத்தில் 2016-இல் பிளாஸ்டிக் கவரைத் தடை செய்த பிறகு தொடங்கியது அது. பூப்போட்ட பை, கோடு போட்ட பை. சாமான் கொடுக்கும்போது, "பையை மட்டும் திருப்பிக் கொடுத்திடுங்க" என்போம். பத்தில் இரண்டு வந்தால் அதிகம்.

துணியின் உண்மையான தேவை ஒரு தீ விபத்தில்தான் விளங்கியது. ஹெண்ணூர் பக்கம் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகள் ஒரு மதியம் எரிந்தன. ஆள் சேதம் இல்லை. சாயங்காலமே ஒரு டெம்போவில் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு போனோம். திருவண்ணாமலை, ராய்ச்சூர் பக்கத்துக் குடும்பங்கள். கையில் அரிசி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். வடிக்கப் பாத்திரம் இல்லை. குவித்த துணியில் ஐம்பது புடவை இருந்தது, உடுத்த உள்பாவாடை ஆறுகூட இல்லை. ஜாக்கெட் யாருக்கும் அளவு சேரவில்லை. உள்ளாடை, நாப்கின் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர்கள் எங்களிடம் கேட்கவும் இல்லை. எங்களோடு வந்த காலேஜ் பெண் ஒருத்தியைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் முதல் வரி நைட்டி. அளவு பார்க்க வேண்டாம், பாவாடை தேட வேண்டாம், பகலுக்கும் ஆகும், ராத்திரிக்கும் ஆகும். உள்ளாடை புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் முடிவானது. 'பழைய துணி இவ்வளவு இருக்கும்போது புதுசு எதற்கு' என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். பெண்கள் சங்கத்து அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அந்தத் தீர்மானம் நிறைவேறியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நோட்டே பயனில்லாமல் போனது. எல்லோருக்கும் ஒரே காரணம். அப்போது வந்தவர்களில் பாதிப்பேரின் ரேஷன் கார்டு தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்தது. வெளிமாநிலத்திலும் அதே கார்டில் அரிசி வாங்க வழிசெய்கிற ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த வருடம் அக்டோபரில்தான். அதற்குப் பிறகும் ஊரில் எல்லாக் கார்டுக்கும் அரிசி கிடைப்பதுபோல இங்கே கிடைக்காது, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற கார்டாக இருக்க வேண்டும். அதுவும் இருந்தால் விரல் ரேகை. சிமென்ட் கலந்து கலந்து ரேகை தேய்ந்த கைகளை மெஷின் ஏற்காது. 2023 ஜூலையில் கர்நாடக அரசு கூடுதல் ஐந்து கிலோ அரிசிக்குப் பதில் ஆளுக்கு 170 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. ஆதாரோடு கணக்கு இணையாதவர்கள் எங்களிடம் வந்தார்கள். நிவாரண வேலை என்றால் பாதி நேரம் பேங்கில் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான். இதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இன்னொன்று. முன்பு பைக்குள் ஒரு வசனச் சீட்டு வைப்போம். ஒரு முஸ்லிம் பெண் பையை வாங்கும் முன், "இதுக்கு சர்ச்சுக்கு வரணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நம்பினாளா தெரியாது, சீட்டு உள்ளேதான் இருந்தது. 2022-இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கமிட்டி பயந்து சீட்டை நிறுத்தியது. பயத்தில் செய்தாலும் நல்லதுதான். அவள் கேட்ட அன்றே நான் எடுத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. அவசர உதவி என்பதால் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை. சாமான் குறைவு, வருபவர்கள் அதிகம், வேறு வழி இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போன வருடம் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தனியாக வருவார். காரணம் கேட்டதற்கு, "கொஞ்சம் டைட்டா இருக்கு மேடம்" என்பதற்கு மேல் சொல்லவில்லை. கேஸ் இருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றார். அடுத்த மாதம் வரும்போது முதல் மாதத்துப் பையைத் துவைத்து, நாலாக மடித்துக் கொண்டுவந்தார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது பையைக் கையில் கொடுக்கும்போது விதியைச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து, ஆபீஸில் வேலை பார்த்தவர் போல.

ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, அவர் வரவில்லை. மூன்றாவது பை நீலக்கோடு போட்டது. திரும்பி வருகிற பைகளை எண்ணும்போது அது இருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை இல்லை.