ஒன்பது மணிக்குத் தொடங்கிய நோட்டு

தி.நகர் தியாகராய சாலையில் நிற்கும் வண்டிகளின் நம்பரை எழுதுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்தச் சாலையிலுள்ள பாண்டி பஜாரில், ஓரத்துப் பார்க்கிங்கை எடுத்துவிட்டு நடைபாதை வளாகம் அமைப்பதற்கு முந்தைய காலம் அது. அதற்கான ஆய்வுதான் இது. ஒரு ஆலோசனை நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு அட்டையும் நோட்டுமாகப் பனகல் பார்க் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். சாலையின் ஒரு ஓரத்தில் சின்னத் துண்டு ஒன்று என் பொறுப்பு. அரை மணிக்கு ஒருமுறை அதை நடந்து, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்களை எழுத வேண்டும். போன சுற்றில் இருந்த நம்பரே நின்றால் டிக் போட வேண்டும். இரவு எட்டு வரை இதே நடைதான்.

முதல் நாள் மதியத்துக்குள் கால் வலித்துவிட்டது. இரண்டாம் நாள்தான் கண் திறந்தது. சில நம்பர்களுக்கு நேராக டிக் மட்டுமே வரிசையாக நீண்டுகொண்டு போனது. காலையில் நான் வரும்போதே நின்றிருக்கும். நான் கிளம்பும்போதும் நின்றிருக்கும். துணி எடுக்க வந்தவர் பதினோரு மணி நேரமா துணி எடுப்பார்?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் எல்லா வாதமும் இங்கேதான் வந்து நிற்கும். ஓரத்தை ஒட்டி ஒரு கார் நிற்க ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம் வேண்டும். நடுவில் சந்தோ கேட்டோ இல்லாத 100 மீட்டர் ஓரத்தில் 16 கார் நிற்கலாம். ஒவ்வொரு இடத்திலும் அரை மணிக்கு ஒரு கார் என்று மாறிக்கொண்டே இருந்தால் ஒரு நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அந்த இடம் உதவும். காலையில் வந்த 16 கார் இரவு வரை அசையவில்லை என்றால் அன்றைக்கு அந்த 100 மீட்டர் 16 பேருக்குத்தான் சொந்தம். மற்றவர்கள் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சாலை நெரிகிறது என்று நாம் சொல்வதில் இப்படி இடம் தேடி ஊர்கிற வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

அந்த ஓரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "வண்டிய எடுத்துட்டா யாவாரம் போயிரும் தம்பி. நிறுத்த எடமில்லன்னா எவன் வருவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருஷக் கடைக்காரரின் பயம் குரலில் இருந்தது.

நான் நோட்டைப் பிரித்து அவர் கடை வாசலுக்கு நேரான பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகப் படித்தார். பிறகு கல்லாவில் இருந்த பையனிடம், "இது நம்ம மாரியோட பைக்குல்ல? இது மாடியில இருக்குற ஆபீஸ்காரங்க காரு" என்றார். எட்டு வண்டி படித்தார். வாடிக்கையாளர் வண்டி என்று அவரால் சொல்ல முடிந்தது இரண்டு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். அண்ணாச்சி நோட்டைத் திருப்பித் தரும்போது, "நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "எனக்கு லோடு ஆறரைக்கு வரும். குட்டியானை வண்டி வாசல்லயே நின்னு எறக்கிட்டு எட்டரைக்குப் போயிரும். உங்க நோட்டுல அது எங்க இருக்கு?"

இல்லை. எவர்சில்வர் குடங்களை நெல் மூட்டைபோல முதுகில் அடுக்கித் தெருமுனையிலிருந்து தூக்கி வர முடியாது. கடை வாசலில் லோடு இறக்க இடம் கிடையாது என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு நடைக்கும் லோடுமேன் கூலி ஏறும். அவர் பயந்தது இதற்கும் சேர்த்துத்தான். அதைக் கேட்க எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. மாலையில் அலுவலகத்தில் சொன்னேன். ஆய்வு நேரம் ஏற்கெனவே முடிவானது, மாற்ற முடியாது என்றார்கள். அன்று நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும். ஓரத்தில் பார்க்கிங்கை எடுப்பது சரியான வேலை என்பதில் அன்றும் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. லோடு இறக்க நேரமும் இடமும் ஒதுக்காமல் எடுத்தால், நியாயமான ஒரு வேலையைச் செய்ய வந்தவனையும் விதி மீறியவனாக்கிவிடுவோம். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எடுத்தே ஆக வேண்டும் என்று என்னை நம்பவைத்தது பஸ். ஓரம் முழுக்க வண்டி நின்றதால் பஸ் நிறுத்தத்தை ஒட்டி வராது. சாலை நடுவிலேயே நிற்கும். கைக்குழந்தையும் கட்டைப்பையுமாக நிற்கிற பெண்கள் இரண்டு கார்களுக்கு இடையில் நுழைந்து, பைக் வருகிறதா என்று எட்டிப் பார்த்து, ஓடிப் போய் ஏறுவார்கள். ஒரு பாட்டி ஏற முடியாமல் மூன்று பஸ்ஸை விட்டதைப் பார்த்திருக்கிறேன். நான்காவதில் கண்டக்டர் இறங்கிவந்து கைபிடித்து ஏற்றினார். நாம் பாண்டி பஜார் என்று கூப்பிடுகிற இடத்துக்கு அரசு வைத்த பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று, இராமநாதபுரம் மாவட்டக் கழகத் (ஜில்லா போர்டு) தலைவராக இருந்தபோது உத்தரவு போட்டவர் அவர். எல்லோரும் பஸ் ஏற வேண்டும் என்று போராடியவர் பெயரில் இருக்கும் கடைவீதியில், நிற்கிற கார்களால் ஒரு பாட்டி பஸ் ஏற முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தது. பார்க்கிங் போன இடத்தில் அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகள், வண்டி ஏறாமல் தடுக்கக் குத்துக்கற்கள். முதல் ஞாயிறு சாயங்காலம் அம்மாவை அழைத்துப் போனேன். கடைகளைப் பார்த்தபடி, கீழே குனிந்து கால் வைக்கும் இடத்தைத் தேடாமல் அம்மா நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

குறைகளும் கண்ணில் பட்டன. தணிகாசலம் சாலையில் 222 கார்களும் 513 டூவீலர்களும் நிற்கக்கூடிய அடுக்குப் பார்க்கிங் 2021இல்தான் வந்தது. அது முதலில் வந்திருக்க வேண்டும். இடையில் அந்த வண்டிகள் ஆவியாகிவிடவில்லை. பக்கத்துத் தெருக்களுக்குள் போயின. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்த ஒரு அக்கா, "நான் எங்கப்பா நிறுத்தணும்?" என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். காவலாளியிடம் பதில் இல்லை. எங்கள் நோட்டிலும் அந்த ஸ்கூட்டருக்குத் தனிக் குறியீடு இருந்ததில்லை. பைக் என்றே எழுதியிருப்போம்.

அதன் பிறகு நான் வேறு இடத்துக்கு வேலை மாறினேன். போன வருஷம் இன்னொரு கடைவீதி எங்கள் கைக்கு வந்தது. அங்கும் ஓரத்துப் பார்க்கிங்கை எடுப்பதாகத் திட்டம். வேலை தொடங்கும் முன் பக்கத்துச் சந்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் வயதான ஒருவர், கேட்டை மறித்து நின்ற காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் இருக்கிறதாம். ஆட்டோ கேட்டுக்குள் வர வேண்டும். "இப்பவே இப்படி. மெயின் ரோட்ல எடுத்துட்டா எல்லாம் இங்கதானே சார் வரும்?" என்றார்.

இந்த முறை ஆய்வுப் படிவத்தை எழுதியது நான். சந்துகளும் சேர்ந்தன. லோடு வண்டிக்கு ஒரு கட்டம், பக்கச் சக்கர ஸ்கூட்டருக்கு ஒரு கட்டம். தொடக்க நேரம் காலை ஆறு. முதல் நாள் களப்பணிக்கு வந்த பிள்ளைகளோடு நானும் போனேன். பால் பாக்கெட் கிரேட்களை இறக்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியானையின் நம்பர்தான் முதல் வரியில் ஏறியது.