பத்து ராகம், ஒரே டிஸ்கோ அடி

ஜூன் 3, செவ்வாய்

சரண்ஜித் சிங்கைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே ஆசிட் ஹவுஸ் (சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையின் ஒரு கிளை) வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1982-இல் பம்பாயில் அவர் செய்த 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' எல்.பி. இசைத்தட்டில், சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-இல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' ஒலி அப்படியே கேட்கிறது என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான். ஆனால் அந்த ஆச்சரியத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே ராகம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இந்த மாதம் ராகம் ராகமாகக் கேட்டு இங்கே எழுதப்போகிறேன்.

மொத்தம் பத்து ட்ராக். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. இன்று பூபாலி மட்டும் கேட்டேன். நம் மோகனத்தின் ஸ்வரங்கள்தான். கீழே அலுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் பேஸ் என்ற கீழ் ஸ்தாயி நாதம், மேலே கீபோர்டில் நிதானமான வாசிப்பு. ஆடவும் தோன்றுகிறது, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்காரவும் தோன்றுகிறது.

ஜூன் 5, வியாழன்

ஆளைப் பற்றிக் கொஞ்சம். சிங் இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருடம் வாசித்தவர். கிடார், பேஸ், கீபோர்டு, எது கேட்டாலும் கையில் எடுப்பார். 1980-இல் 'குர்பானி', 1982-இல் 'டிஸ்கோ டான்சர்' என்று பம்பாய் முழுக்க டிஸ்கோ அலை அடித்த நேரம் அது. படத்துக்குப் படம் டிஸ்கோ வாசித்துச் சலித்த மனிதர், இதே அடியில் ராகங்களை வாசித்தால் என்ன, தபலாவை எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்ததாகப் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடித்திருக்கிறது. புரட்சி கிரட்சி எதுவும் இல்லை. தொழில் தெரிந்த ஒருவருக்கு வந்த குறுகுறுப்பு, அவ்வளவுதான்.

கருவிகள் மூன்று. தாளத்துக்கு ரோலண்ட் டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, மேலே கையால் வாசிக்க ஜூபிட்டர்-8. மூன்றுமே அப்போது புத்தம் புதுசு. இதில் 303 பாவப்பட்ட பிறவி. பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிடார் கலைஞர்களுக்காக ரோலண்ட் செய்தது. நிஜ பேஸ் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, விற்கவும் இல்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு செகண்ட் ஹேண்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததால்தான் சிகாகோ பையன்கள் கைக்கே அது போனது.

ஜூன் 8, ஞாயிறு

மிருதங்கம் வாசிக்கும் நண்பன் வந்திருந்தான். எதுவும் சொல்லாமல் மால்கௌன்ஸைப் போட்டேன். அரை நிமிடம் கேட்டான்.

"ஹிந்தோளம். சரி, மோர்சிங் யாருடா?"

"மோர்சிங்கா? அது மெஷின்டா."

"மெஷினாவது ஒண்ணாவது. நல்லாக் கேளு, வாயைத் திறந்து மூடுறான் பாரு."

அவன் போன பிறகும் இதே யோசனை. அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மோர்சிங்கின் உலோக நாக்கு எழுப்புவது ஒரே சுருதி. வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கூட்டியும் குறைத்தும், அந்த ஒரு நாதத்தின் மேல் ஸ்தாயி இழைகளில் எது தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதை வாசிப்பவர் முடிவு செய்கிறார். 303-உம் செய்வது இதைத்தான். உள்ளே ஒலி எழுப்ப ஒரே ஒரு ஆசிலேட்டர், ரம்பப்பல் அலையோ சதுர அலையோ தருகிறது. இரண்டிலும் மேல் இழைகள் நிறைய. ஃபில்டர் அவற்றை ஓர் இடத்துக்கு மேல் வெட்டிவிட்டு, வெட்டும் விளிம்பில் இருப்பதை மட்டும் உரக்கக் காட்டுகிறது. ரெசனன்ஸ் குமிழைக் கூட்டினால் அந்த விளிம்பு பேச ஆரம்பிக்கிறது. ஆசிட் என்று உலகம் சொல்லும் அந்த 'வ்யாவ்' சத்தத்துக்கு நம் கச்சேரி மேடையில், மிருதங்கத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு வித்தியாசம் சொல்லியாக வேண்டும். அந்தக் குமிழை ட்ராக் முழுக்கத் திருகித் திருகியே ஒரு இசையாக்கியது சிகாகோதான். 'ஆசிட் ட்ராக்ஸ்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் நடப்பதே குமிழ் திருகல்தான். சிங் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. அவருக்கு மேலே வாசிக்க ராகம் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கலாவதி. நம் வலஜி. இந்தத் தட்டில் கால் தானாக ஆடுவது இதற்குத்தான். தோடி என்று போட்டிருப்பது நம் தோடி அல்ல, அதன் ஸ்வரங்கள் சுபபந்துவராளி. வேறு எழுத நேரமில்லை.

ஜூன் 14, சனி

நான்கு நாளாக ஒரு கேள்வி. 1982-இல் டிஸ்கோ தட்டுகள் எத்தனையோ வந்தன. அவை எதுவும் ஹவுஸ் மாதிரி கேட்கவில்லை, இது மட்டும் ஏன் கேட்கிறது? 303, 808 என்று கருவியைக் காட்டிவிட்டுப் போகலாம். அது பாதிப் பதில்தான் என்று படுகிறது.

மீதிப் பாதி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து. டிஸ்கோ பாட்டில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். பேஸ் அதன் பின்னால் ஓடும், வயலின்கள் ஓடும், பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று எல்லாமே நகரும். ராகத்தில் கார்டுக்கு இடமில்லை. ஷட்ஜம் ஒன்றுதான், அது நகராது. ஆகவே டிஸ்கோவை ராகத்துக்குள் கொண்டுவந்ததுமே கார்டு மாற்றம் தானாகக் கழன்று விழுகிறது. மிஞ்சுவது, அசையாத ஆதாரத்தின் மேல் திரும்பத் திரும்ப வரும் ஒரு பேஸ் சுற்றும் அடியும். சிகாகோவும் டிஸ்கோவிலிருந்து பாட்டைக் கழித்துக் கழித்து இங்கேதான் வந்து சேர்ந்தது. அங்கே டிஜேக்களுக்கு வேண்டியது பாட்டல்ல, விடாமல் ஓடும் ட்ராக். சிங் தீர்க்கதரிசி என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பூராவின் வேலையை மெஷினுக்குக் கொடுத்தார், ஹவுஸ் மாதிரி ஒன்று கிடைத்தது.

இதில் இழப்பும் உண்டு. தீன்தால் என்ற இந்துஸ்தானி தாளத்துக்குப் பதினாறு மாத்திரை. ஒன்பதாவதில் காலி. அங்கே தபலாவின் இடது கை கனம் குறைந்து, சுற்று ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சமத்துக்கு, அதாவது முதல் மாத்திரைக்கு, திரும்பும். 303-இன் ஒரு பேட்டர்னிலும் பதினாறு படிதான், கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அடிக்கு அடி ஒரே கனத்தில் விழும் கிக் டிரம்மில் காலி ஏது? சமம் எது என்றும் தெரிவதில்லை. யமனில், அதாவது நம் கல்யாணியில், இது எனக்கு உறுத்துகிறது. கல்யாணியை ஏந்த வேண்டிய இடத்தில் யாரோ சுத்தியல் பிடித்திருக்கிறார்கள். மேக் மல்ஹாரில் உறுத்தவே இல்லை, காரணம் பிடிபடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

303 போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றில் ஹிந்தோளத்தை ஏற்றினேன். அசல் கருவியில் ஸ்வரங்களை எல்லாம் முதலில் வரிசையாகக் கொடுத்துவிட்டு, எது எத்தனை நீளம், எங்கே மௌனம் என்பதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேரும்போது என்ன வரும் என்பது அப்புறம்தான் தெரியும். நினைத்ததற்கும் வந்ததற்கும் சம்பந்தமே இருக்காது, பல நேரம் வந்ததுதான் நன்றாக இருக்கும்.

இதில் ஸ்லைடு என்று ஒன்று உண்டு. காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். முதல் முறை கேட்டதும் சிரித்துவிட்டேன், அத்தனை அழகு. நாலு சுற்று போனதும் அலுத்தது. வழுக்கும் வேகம் எப்போதும் ஒன்றே. நம் கையோ குரலோ ஒரே ஜாருவை இரண்டு தடவை ஒரே மாதிரி செய்வதில்லையே. ஆக மெஷின் தருவது ஹிந்தோளத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும். அந்தத் தட்டில் ராகத்தைக் காப்பாற்றுவது ஜூபிட்டர் மேல் ஓடும் சிங்கின் விரல்கள். நீட்டும் இடம், தயங்கும் இடம், சட்டென்று விட்டுவிட்டு இறங்கும் இடம் எல்லாம் அவர் கணக்கு. மால்கௌன்ஸை இதற்கப்புறம் மறுபடி கேட்டபோது பேஸ் காதிலேயே விழவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

லலித்தை விடியுமுன் கேட்டேன், அதன் வேளை அதுதானே. இரண்டு மத்யமம், பஞ்சமம் கிடையாது. அந்த இருட்டில் 808 கொஞ்சம் அநாகரிகமாகத்தான் இருந்தது. இரவெல்லாம் ஆடி முடித்து அந்த வேளையில் வெளியே வருபவர்களுக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம்.

தட்டின் கதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்தபோது விற்கவில்லை. ஏடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் பழைய தட்டுகளைத் தேடி இந்தியா வந்த இடத்தில் இது கண்ணில் பட, தன் பாம்பே கனெக்‌ஷன் லேபிளில் 2010-இல் மறுபதிப்புப் போட்டார். பலர் நம்பவில்லை. ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக்கலைஞர் செய்த குறும்பு என்றுகூடப் பேச்சு கிளம்பியது. எழுபதை ஒட்டிய வயதில் சிங் ஐரோப்பா போய் இதையே மேடையில் வாசித்துக் காட்டினார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

கடைசியாகப் பைராகி. நம் ரேவதி. அந்த ராகத்தை டிஸ்கோ அடியில் நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆனால் பத்தில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். கிக்கும் ராகமும் கொஞ்சமும் சண்டை போடாத ட்ராக். யமன் பிரியர்கள் திட்ட வரலாம். வருமுன் இரண்டையும் அடுத்தடுத்து ஒரு தடவை கேட்டுவிட்டு வரவும்.